கோபுரத்தைக் காத்த மனிதர்

பாரிஸ் மாநகருக்குச் செல்வோர் அங்குள்ள இரும்புக் கோபுரத்தைக் காணாது திரும்புவது அரிது. செய்ன் நதியின் இடக்கரையிலே நான்கு பாதங்களையும் அகல ஊன்றி, மேலே செல்லச் செல்ல ஒடுங்கி, உச்சியிலுள்ள ஒலிபரப்புக் கம்பத்தோடு 330 மீற்றர் உயர்ந்து நிற்கின்றது அது. ஆண்டுதோறும் அறுபது இலட்சத்துக்கு மேற்பட்ட மக்கள் அதன்மேல் ஏறி நகரைப் பார்த்து மகிழ்கின்றனர். ஆனால், அக்கோபுரத்துக்கு முதலில் விதிக்கப்பட்ட ஆயுள் இருபது ஆண்டுகளே என்பதை அவர்களுட் பலர் அறியார். 1909 ஆம் ஆண்டு முடிந்ததும் பாரிஸ் நகரசபை விரும்பியிருந்தால் அதனைக் கழற்றிப் பழைய இரும்பாக விற்றிருக்கலாம். அவ்வாறு நேராமற் காத்தவர் யார்? அதனைக் கட்டிய குஸ்தாவ் ஈபெல் அவர்களே. கட்டியதற்காக அவரைப் போற்றுவோர் பலர். காத்ததற்காகப் போற்றுவோர் சிலர். அவருடைய வாழ்க்கையை ஊன்றி நோக்கின், அவர்தம் பெருமை பின்னதிலேயே பெரிதும் தங்கியிருப்பது புலனாகும்.

இளமையும் கல்வியும்

ஈபெல் 1832 டிசெம்பர் 15 ஆம் நாள் பிரான்சு தேசத்தின் டிஜோன் நகரிலே பிறந்தார். அவருடைய முன்னோர் ஜெர்மனியிலிருந்து வந்து பிரான்சிலே குடியேறியவர்கள். அவர்களது குடும்பப் பெயர் பிரெஞ்சு மக்களின் நாவுக்கு இணங்காமையால், தாம் விட்டுவந்த ஐபெல் மலைநாட்டின் பெயரையும் அதனோடு சேர்த்து வழங்கிவந்தனர். 1880 ஆம் ஆண்டிலேதான் சட்டப்படி ஈபெல் என்பதே குடும்பப் பெயராயிற்று. தந்தையார் படையிற் பணிபுரிந்தவர். தாயார் நிலக்கரி வாணிகத்தைத் தாமே முன்னின்று நடத்திக் குடும்பத்தை உயர்த்திய ஆற்றல் மிக்க பெண்மணி.

இளைஞராகிய ஈபெல் பாரிசுக்குச் சென்று, பிரான்சின் தலைசிறந்த கல்விக்கூடங்களுள் ஒன்றாகிய எகோல் பொலிற்றெக்னிக்கிற் சேர்வதற்கு முயன்றார், இடங்கிடைக்கவில்லை. எகோல் சென்றால் என்னும் மற்றொரு பொறியியற் கல்லூரியிற் சேர்ந்து, 1855 இலே தேறினார். அங்கு அவர் சிறப்பாகக் கற்றது இரசாயனம். புளிக்காடி வடிக்கும் தொழிற்சாலை நடத்திய உறவினர் ஒருவரிடம் வேலைக்கமர்வதே அவருடைய எண்ணமாயிருந்தது. குடும்பத்தில் ஏற்பட்ட பிணக்கு அவ்வழியையும் அடைத்துவிட்டது. வேறு வழியின்றியே அவர் இரும்புத் தொழிலுக்கு வந்தார். பரீட்சையில் அடைந்த தோல்வியும் உறவினர் பிணக்கும் சேர்ந்து ஒரு பொறியியலாளரை உலகுக்கு அளித்தன எனலாம்.

பாலங்கள் அமைத்த காலம்

அக்காலத்திலே புகையிரதப் பாதைகள் ஐரோப்பா எங்கும் பரவிக்கொண்டிருந்தன. ஆறுகளையும் பள்ளத்தாக்குகளையும் கடப்பதற்கு இரும்புப் பாலங்கள் வேண்டியிருந்தன. சார்ள்ஸ் நெப்வே என்னும் பொறியியலாளரிடம் பணிக்கமர்ந்த ஈபெலுக்கு, இருபத்தைந்து வயதளவில், போர்தோ நகரிலே கரோன் நதிக்குக் குறுக்கே ஏறக்குறைய 500 மீற்றர் நீளமான பாலமொன்றை அமைக்கும் பொறுப்புக் கிடைத்தது. ஆழமான ஆற்றிலே தூண்களுக்கு அத்திவாரம் இடுதல் எளிதன்று. அடிப்புறந் திறந்த இரும்புப் பேழையை ஆற்றடிக்கு இறக்கி, அதனுள்ளே அமுக்கிய காற்றைச் செலுத்தினால் நீர் உள்ளே புகாது. தொழிலாளர் அதனுள் நின்று மண்ணை அகழலாம். அப்போது புதிதாயிருந்த இம்முறையை ஈபெல் திறம்படக் கையாண்டார். 1860 இலே பாலம் நிறைவெய்தியது. அவருடைய பெயரும் தொழில் வட்டாரத்திலே பரவலாயிற்று.

1862 இலே மாரி கோதலே என்னும் பெண்மணியை மணந்தார். மக்கள் ஐவர் பிறந்தனர். 1877 இலே மனைவியார் இறந்தார். ஈபெல் மறுமணஞ் செய்துகொள்ளவில்லை. மூத்த மகள் கிளேர் அன்றுதொட்டுத் தந்தையாரின் இல்லத்தைப் பேணி, இறுதிவரை அவருக்குத் துணையாயிருந்தார்.

பாரிசை அடுத்த லெவலுவா பெரே என்னும் இடத்திலே 1866 இல் ஈபெல் சொந்தத் தொழிற்சாலை தொடங்கினார். மனைவியாரை இழந்த அதே 1877 ஆம் ஆண்டிலே, போர்த்துக்கல் நாட்டின் போர்ட்டோ நகரில், அவருடைய நிறுவனம் டோரோ நதியை 160 மீற்றர் அகலமான ஒரே வளைவினாற் கடந்தது. ஆற்றின் நடுவே சாரம் எதுவும் கட்டாமல், இரு கரைகளிலிருந்தும் வளைவின் பாதிகளை நீட்டிக்கொண்டுவந்து நடுவானிலே பொருத்தினார்கள். பின்னர், தென் பிரான்சிலுள்ள கராபி என்னுமிடத்திலே, ஆற்றுமட்டத்துக்கு 122 மீற்றர் உயரத்திற் செல்லும் புகையிரதப் பாலமும் எழுந்தது. அமெரிக்காவின் நியூயோர்க் துறைமுகத்திலே நிற்கும் சுதந்திர தேவி சிலையின் செப்புத் தகட்டை உள்ளிருந்து தாங்கும் இரும்பெலும்புக்கூட்டை வகுத்ததும் இவரது நிறுவனமே.

இவ்வேலைகள் யாவற்றிலும் அவருக்கு எதிரியாய் வாய்த்தது காற்று. உயரமான தூண்களைச் சாய்க்கவல்லது பாரத்தினும் காற்றேயாகும். அடைத்த சுவரைப் போன்ற அமைப்பைக் காற்று முழு வலியோடு தாக்கும். வலைப்பின்னல் போன்ற அமைப்பினூடே அது புகுந்து செல்லும். எனவே, குறைந்த இரும்பைக் கொண்டு, இடைவெளி மிகுதியாய் உள்ள சட்டங்களை அமைப்பதே ஈபெலின் வழக்கமாயிற்று. பின்னாளிலே கோபுரம் பெற்ற வடிவம் இவ்வனுபவத்திலே முளைத்ததாகும்.

கோபுரம் எழுந்த வரலாறு

பிரெஞ்சுப் புரட்சியின் நூற்றாண்டு நிறைவை முன்னிட்டு 1889 இலே பாரிசில் உலகக் கண்காட்சி ஒன்று நடத்தத் தீர்மானிக்கப்பட்டது. 1884 இலே, ஈபெலின் நிறுவனத்திற் பணிபுரிந்த மோரிஸ் கேக்லின், எமில் நூகியே என்னும் இரு பொறியியலாளர் 300 மீற்றர் உயரமான இரும்புக் கோபுரமொன்றின் மாதிரியை வரைந்தனர். ஸ்தீபன் சோவெஸ்ற்ர் என்னும் கட்டடக் கலைஞர் அடிவளைவுகளைச் சேர்த்து அதனை அழகுபடுத்தினார். முதலில் ஆர்வங்காட்டாத ஈபெல், திருத்திய படத்தைக் கண்டபின் அதன் உரிமையை அவர்களிடமிருந்து வாங்கிக்கொண்டார். ஆகவே, கோபுரத்தின் முதற் கற்பனை அவருடையதன்று. ஆயினும், அரசாங்கத்தை இணங்கச் செய்தவரும், பணத்தைத் திரட்டியவரும், பழியைத் தோளில் ஏற்றவரும் அவரே.

1887 ஜனவரி 8 ஆம் நாள் ஒப்பந்தம் கைச்சாத்தாயிற்று. அரசாங்கம் கொடுக்க இசைந்தது 15 இலட்சம் பிராங்க் மட்டுமே. மொத்தச் செலவு ஏறக்குறைய 78 இலட்சம் பிராங்க் ஆயிற்று. எஞ்சியதை ஈபெலே தேடவேண்டியிருந்தது. அதற்கு ஈடாக, 1890 ஜனவரி முதலாந் திகதி தொடங்கி இருபது ஆண்டுகளுக்குக் கோபுரத்தின் வருவாயை அவர் பெறலாம். அதன்பின் அது நகரசபைக்கு உரியதாகும்.

வேலை தொடங்கிச் சில நாட்களுக்குள், 1887 பெப்ரவரியிலே, பத்திரிகையொன்றிற் கண்டன அறிக்கை வெளியாயிற்று. இசைமேதை குனோ, எழுத்தாளர் மோப்பசான், கவிஞர் சுல்லி புருதோம், பாரிஸ் இசைநாடக அரங்கை அமைத்த கார்னியே முதலியோர் அதில் ஒப்பமிட்டிருந்தனர். பயனற்ற அவ்விரும்புப் பூதம் நகரின் பழம்பெருங் கட்டடங்களைச் சிறுமைப்படுத்தும் என்பது அவர்களுடைய வாதம். பாலங்கள் கட்டிய ஈபெல், உறுதியின் விதிகளுக்கு அமைந்த வளைவுக்கும் ஓர் அழகுண்டு என விடையிறுத்தார். கோபுரம் விஞ்ஞான ஆராய்ச்சிக்குப் பயன்படும் என்றும் அவர் கூறிவந்தார். அப்போது அதனைப் பலர் பொருட்படுத்தவில்லை.

கோபுரம் எழுந்த முறை இன்றும் பொறியியல் மாணவர் கற்கத்தக்கது. 18,000 க்கு மேற்பட்ட இரும்புறுப்புகள் லெவலுவாத் தொழிற்சாலையிலே அளவு பிசகாமற் செய்யப்பட்டன. களத்துக்கு வந்த உறுப்பொன்று பொருந்தாவிடின் அங்கே அராவிச் சரிசெய்வதில்லை. தொழிற்சாலைக்கே திருப்பி அனுப்பப்பட்டது. அவ்வுறுப்புகளைப் பிணைத்தவை 25 இலட்சம் தறையாணிகள். நான்கு கால்களும் சாய்வாக எழுந்து முதற்றட்டிலே ஒன்றையொன்று மயிரிழை பிசகாமற் சந்தித்தல் வேண்டும். இதற்காகச் சாரங்களின்மேல் மணல் நிறைந்த பெட்டிகளையும், கால்களின் அடியிலே நீரழுத்தத்தால் இயங்கும் உயர்த்திகளையும் வைத்தனர். மணலைச் சிறிது வெளியேவிட்டால் சட்டம் தாழும். நீரழுத்தத்தைக் கூட்டினாற் கால் உயரும். இவ்வாறு பல நூறு தொன் எடையுள்ள இரும்பைத் தச்சன் மரத்துண்டைப் பொருத்துவதுபோற் பொருத்தினர். உயரம் ஏற ஏறத் தொழிலாளரின் அச்சமும் குளிரும் மிகுந்தன. 1888 செப்டெம்பரிலே கூலி உயர்வு கோரி அவர்கள் வேலைநிறுத்தஞ் செய்தனர்; உயர்வு பெற்றுத் திரும்பினர்.

இரண்டு ஆண்டு, இரண்டு மாதம், ஐந்து நாட்களிலே வேலை முடிந்தது. 1889 மார்ச் 31 ஆம் நாள், லிப்ற் இன்னும் இயங்காத நிலையில், ஐம்பத்தாறு வயதான ஈபெல் 1,710 படிகளையும் கால்நடையாக ஏறி உச்சியிலே பிரெஞ்சுக் கொடியைப் பறக்கவிட்டார். அதுவரை உலகின் உயரமான கட்டடமாயிருந்த வாஷிங்டன் நினைவுத்தூண் 169 மீற்றரே. ஈபெலின் கோபுரமோ அதனிலும் ஏறக்குறைய இருமடங்கு உயர்ந்தது.

ஏறிக் கண்டவர்கள்

1889 மே மாதத்தின் நடுவிலே கோபுரம் மக்களுக்குத் திறக்கப்பட்டது. லிப்ற் இயங்கத் தொடங்குமுன்னரே பல்லாயிரவர் படியேறிச் சென்றனர். முதற்றட்டுக்கு 2 பிராங்க், இரண்டாவதற்கு 3, உச்சிக்கு 5 எனக் கட்டணம் வகுக்கப்பட்டிருந்தது. 57 மீற்றர் உயரத்திலுள்ள முதற்றட்டிலே உணவுச்சாலைகள் இருந்தன. 115 மீற்றரிலே இரண்டாந் தட்டு. அதற்குமேல் 276 மீற்றரிலே உச்சித் தட்டு. விமானம் தோன்றாத அக்காலத்திலே, தாம் வாழும் நகரைப் பறவையின் கண்கொண்டு பார்ப்பது பெரும்பாலோர்க்கு வாழ்நாளிற் கிட்டாத அனுபவமாயிருந்தது. கண்காட்சி முடிவதற்குள் ஏறக்குறைய இருபது இலட்சம் பேர் ஏறினர். அமெரிக்க விஞ்ஞானி எடிசன் அவ்வாண்டு செப்டெம்பரிலே வந்து, உச்சியில் ஈபெல் தமக்கென அமைத்திருந்த சிற்றறையில் அவரைச் சந்தித்தார்.

ஏறியவர்களுள் இலண்டனிலே சட்டம் பயின்றுகொண்டிருந்த இந்திய மாணவர் ஒருவரும் இருந்தார். அவரே பின்னாளில் மகாத்மா காந்தி ஆனவர். இரண்டு மூன்று முறை ஏறியதையும், உயரத்திலிருந்து உணவுண்டேன் என்று சொல்லிக்கொள்ளும் ஆசையால் முதற்றட்டு உணவுச்சாலையில் ஏழு ஷில்லிங்கை வீணாக்கியதையும் அவர் தமது சுயசரிதையில் எழுதியிருக்கிறார். கோபுரம் மனிதனின் அறிவுக்கன்றி அறியாமைக்கே சின்னம் என்று தோல்ஸ்தோய் கருதியதையும் அவர் எடுத்துக்காட்டுகிறார். அதிற் கலையழகு இல்லை. அது கண்காட்சியின் விளையாட்டுப் பொருள். மனிதர் குழந்தைகளாயிருக்கும்வரை பொம்மைகளால் ஈர்க்கப்படுவர் என்பதே காந்தியடிகளின் முடிவு.

இத்தீர்ப்பை எளிதில் ஒதுக்கிவிட இயலாது. உயரத்துக்காகவே உயர்ந்த ஒன்று, புதுமை தேய்ந்ததும் என்ன ஆகும்? 1900 இலே பாரிசில் மீண்டும் உலகக் கண்காட்சி நடந்தபோது கோபுரத்தில் ஏறியோர் ஏறக்குறைய பத்து இலட்சம் பேரே. முன்னைய கண்காட்சியிலும் பாதித் தொகை. பொம்மையில் மக்களுக்கு அலுப்புத் தட்டத் தொடங்கிவிட்டது.

வீழ்ச்சி

இதற்குள் ஈபெலின் வாழ்விலும் பேரிடி விழுந்திருந்தது. சூயஸ் கால்வாயை வெட்டிப் புகழ்பெற்ற லெசெப்ஸ், பனாமாவிலும் கடல்மட்டக் கால்வாய் வெட்ட முனைந்தபோது, 1879 இலே அத்திட்டத்தை எதிர்த்தவர்களுள் ஈபெலும் ஒருவர். மலையும் மழையும் நோயும் வெட்டுவோரை முறியடித்தபின், நீர்ப்பூட்டுகள் அமைக்கும் பொறுப்பு 1887 இலே அவரிடமே வந்தது. அதற்குள் காலம் கடந்துவிட்டது. 1889 பெப்ரவரியிலே கால்வாய்க் கம்பனி முறிந்தது. இலட்சக்கணக்கான சிறு சேமிப்பாளர் தம் பணத்தை இழந்தனர். கோபுரத்தின் உச்சியில் அவர் கொடியேற்றிய நாளுக்கும் அம்முறிவுக்கும் இடையே இரண்டு மாதங்கூட இல்லை.

விசாரணையிலே, பெற்ற பணத்தை உரிய வேலைக்குச் செலவிடவில்லை என்ற குற்றம் ஈபெல்மீதுஞ் சாட்டப்பட்டது. 1893 பெப்ரவரியிலே இரண்டாண்டுச் சிறையும் 20,000 பிராங்க் அபராதமும் விதிக்கப்பட்டன. சில நாட்கள் அவர் சிறையிலும் இருந்தார். அவ்வாண்டு ஜூன் மாதத்திலே உயர்நீதிமன்றம் தீர்ப்பை நீக்கியது. குற்றஞ்சாட்டுதற்குரிய காலவரையறை கடந்துவிட்டது என்பதே காரணம். எனவே, அவர் குற்றமற்றவர் என்று எந்த நீதிமன்றமும் உரைக்கவில்லை. இரு ஆண்டுகளின் பின், அவருக்கு முன்னர் வழங்கப்பட்டிருந்த விருதின் குழுவினர் ஆராய்ந்து, அதனைப் பறிப்பதற்குக் காரணமில்லையெனக் கண்டனர். அவ்வளவே அவருக்குக் கிடைத்த ஆறுதல். தம் பெயரைத் தாங்கிய நிறுவனத்திலிருந்து அவர் விலகினார். நிறுவனமும் அவர் பெயரை நீக்கிவிட்டது. அறுபது வயது கடந்த அவரிடம் எஞ்சியிருந்தது, காலவரையறையுற்ற அவ்விரும்புக் கோபுரமே.

இரண்டாம் வாழ்வு

பலர் இந்நிலையில் ஓய்ந்திருப்பர். ஈபெல் ஓயவில்லை. கோபுரம் விஞ்ஞானத்துக்குப் பயன்படும் என்று தாம் முன்னர் உரைத்ததை மெய்ப்பிக்க முனைந்தார். உச்சியிலே காலநிலை ஆராயும் நிலையம் 1889 முதலே இயங்கிவந்தது. 1898 இலே டுக்ரதே என்பவர் கோபுரத்திலிருந்து நான்கு கிலோமீற்றர் தொலைவிலுள்ள பந்தியோன் மண்டபத்துக்குக் கம்பியில்லாத் தந்திச் செய்தி அனுப்பினார். 1903 இலே, இரண்டாந் தட்டிலிருந்து வெவ்வேறு வடிவப் பொருள்களைக் கம்பிவழியே வீழ்த்தி, அவற்றைக் காற்று எவ்வளவு எதிர்க்கின்றது என்று ஈபெல் அளக்கத் தொடங்கினார். இளமையில் எதிரியாயிருந்த காற்று முதுமையில் ஆராய்ச்சிப் பொருளாயிற்று.

1909 இலே கோபுரத்தின் அடியிலே காற்றுச் சுரங்கம் ஒன்றை அமைத்தார். அதில் விசையோடு காற்றைச் செலுத்தி, விமான இறக்கைகளின் மாதிரிகளைச் சோதித்தார். இறக்கையைத் தூக்குவதில் அதன் கீழுள்ள அழுத்தத்தினும் மேற்புறத்தே ஏற்படும் உறிஞ்சலுக்கே பங்கு அதிகம் என்பதை அளவுகளாற் காட்டினார். 1912 இலே அது ஓத்தேய் என்னும் பகுதிக்கு மாற்றப்பட்டது. மறு ஆண்டிலே அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் நிறுவனம் லாங்லி பதக்கம் அளித்து அவரைச் சிறப்பித்தது.

எனினும், கோபுரத்தை மெய்யாகக் காத்தது கம்பியில்லாத் தந்தியே. 1903 இலே, ஃபெரியே என்னும் படைத்துறைப் பொறியியலாளர் உயரமான இடமொன்றைத் தேடிக்கொண்டிருந்தார். படைத்தலைமை பணஞ் செலவிடத் தயங்கியது. ஈபெல் கோபுரத்தையும் கொடுத்துச் செலவையும் தாமே ஏற்றார். சில ஆண்டுகளுக்குள் அங்கிருந்து ஆயிரக்கணக்கான கிலோமீற்றர் தொலைவுக்குச் செய்தி சென்றது. படைக்கு இன்றியமையாததாகிவிட்ட ஒன்றை யார் கழற்றுவர்? குறித்த இருபது ஆண்டுகள் முடிந்ததும், 1910 ஜனவரி முதல் மேலும் எழுபது ஆண்டுகளுக்கு உரிமை நீடிக்கப்பட்டது. அவ்வாண்டிலேயே, கடலிற் செல்லும் கப்பல்கள் தம் கடிகாரங்களைச் சரிசெய்துகொள்வதற்கு நேரக்குறிகளும் அங்கிருந்து ஒலிக்கலாயின. அதே ஆண்டிலே தெயோடோர் வுல்ஃப் என்னும் பாதிரியார் உச்சிக்கு ஏறிக் கதிர்வீச்சை அளந்து, தாம் எதிர்பார்த்த அளவுக்கு அது குறையாதிருக்கக் கண்டார். விண்வெளியிலிருந்து கதிர்கள் வருகின்றன என்ற பிற்காலக் கண்டுபிடிப்புக்கு அது ஒரு முன்னறிகுறி. 1914 இலே போர் மூண்டபோது, கோபுரத்து நிலையம் ஜெர்மானியப் படையினரின் செய்திகளை இடைமறித்துக் கேட்டது. மார்ன் நதிக்கரையிலே பாரிசைக் காத்த படைத்தலைவர்களுக்கு அது உதவிற்று.

முடிவுரை

1923 டிசெம்பர் 27 ஆம் நாள், தொண்ணூற்றொன்றாம் வயதில், பாரிசிலுள்ள தம் இல்லத்தில் ஈபெல் காலமானார். தொழிற்சாலை அமைத்த லெவலுவா பெரேயிலேயே அவருடல் அடக்கஞ் செய்யப்பட்டது. அதற்கு முன்னரே கோபுரத்திலிருந்து வானொலி பொதுமக்களை நோக்கிப் பேசத் தொடங்கியிருந்தது. 1930 இலே நியூயோர்க்கின் கிறைஸ்லர் மாளிகை உயர்ந்தபோது, உலகிலே மிக உயர்ந்தது என்ற பெருமை கோபுரத்தைவிட்டு நீங்கியது. ஆயினும், கோபுரத்தை எவரும் இடிக்கவில்லை. உயரம் மட்டுமே அதன் தகுதியாயிருந்திருந்தால் அன்றே அதன் கதை முடிந்திருக்கும்.

தோல்ஸ்தோய், காந்தியடிகள் ஆகியோரின் கண்டனத்தை ஈபெலின் வாழ்க்கைக்கு அருகில் வைத்துப் பார்ப்பது நன்று. அவர்கள் கேட்டது நேர்மையான கேள்வி. 1889 இலே கோபுரத்திடம் அதற்குத் தக்க விடை இருக்கவில்லை. அவ்விடையைத் தேட அதனைக் கட்டியவருக்கு இருபது ஆண்டுகள் பிடித்தன. பெரும் வேலையைச் செய்து முடித்தவர் புகழோடு ஒதுங்கிவிடுவது வழக்கம். செய்த வேலைக்குப் பயன் தேடிக் கொடுப்பதும் தம் கடனென ஈபெல் எண்ணினார். அதனாலேயே பழிச்சொல்லின் நடுவிலும் அவருடைய முதுமை வீணாகவில்லை.

முதற்றட்டின் நாற்புறமும் 72 பிரெஞ்சு விஞ்ஞானிகளின் பெயர்களை அவர் பொறிப்பித்தார். லவோசியே, அம்பேர், கூலோம் முதலியோர் அவர்களுட் சிலர். பொருள்களின் நெகிழ்வியல்பை ஆராய்ந்த சொபி ஜேர்மேன் என்னும் கணித மேதையின் பெயர் அவற்றுள் இல்லை. பெண்ணொருவர் பெயரும் இல்லை. அக்காலத்தின் குறை அவ்விரும்பிலும் பதிந்துள்ளது.

கோபுரத்தைக் காணச் செல்வோர், மேலே ஏறி நகரைப் பார்ப்பதோடு அமையாது, உச்சியிலுள்ள ஒலிபரப்புக் கம்பங்களையும் சிறிது நோக்குதல் வேண்டும். அவையே கோபுரத்தின் உயிரை நீட்டித்தவற்றின் வழித்தோன்றல்கள். இறங்கியபின் வடக்குக் காலின் அருகே சென்றால், சிற்பி பூர்தெல் வடித்து 1929 இலே நிறுவப்பட்ட பொன்னிறத் தலைச்சிலை ஒன்றைக் காணலாம். தாடியோடு முன்னோக்கியிருக்கும் அம்முகம் ஈபெலினுடையது.